டிராக்டரை டிரெய்லர் தள்ளும்போது

மாணவர்களே, ரந்தாவ், சிலியாவ், லாபு பக்கம் உறவினர் வீடு இருப்பவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஒரு செம்மண் பாதை. அதில் ஒரு டிராக்டர், பின்னால் ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு மெதுவாக உருண்டு வருகிறது. ஓட்டுபவர் கணவர். மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுபவர் மனைவி. இன்று பெரும்பாலான தோட்டங்களில் இந்த வேலையை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். ஆனாலும் உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நிரையில் வேலை செய்த கதையைச் சொல்வார்கள்.

அவர்களுக்கு அவசரம் உண்டு. வெட்டிய செம்பனைக் குலை காத்திருக்காது. பழம் அடிபட்டதும் அதில் உள்ள லிப்பேஸ் என்ற நொதி, எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலமாக மாற்றத் தொடங்கிவிடும். எண்ணெயின் தரம் இறங்கும். அதனால்தான் வெட்டிய குலைகள் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறார்கள். அவசரம், மழை, சறுக்கும் மேடு, பின்னால் கனமான டிரெய்லர் ஆகிய நான்கும் ஒன்று சேரும் இடத்தில்தான் இன்றைய பாடம் இருக்கிறது.

பூமியின் மறுபக்கத்தில் இன்னொரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் மேற்குப் பாலைவனத்தில், காருக்குப் பின்னால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பலருக்கு அங்கே இது ஒரு வாழ்க்கை முறை. அவர்கள் போகிற சாலையில் மண் இல்லை, செம்பனை இல்லை, மழையும் இல்லை. ஆனால் அவர்கள் பயப்பட வேண்டிய விஷயமும் நம் தோட்டத் தம்பதி பயப்பட வேண்டிய விஷயமும் ஒன்றுதான்: பின்னால் வரும் டிரெய்லர் எப்போதும் பின்னாலேயே இருக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது.

எது கனம்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். டிராக்டரின் பொருண்மை 2500 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். வெற்று டிரெய்லர் 1000 கிலோகிராம். அதில் 20 கிலோகிராம் எடையுள்ள குலைகள் 125 ஏற்றினால் 2500 கிலோகிராம். ஆக, பின்னால் இருப்பது 3500. முன்னால் இருப்பது 2500. இழுப்பவனைவிட இழுபடுபவன் கனம்!

சமதரையில் இது பெரிதாகத் தெரியாது. டிராக்டர் நகரத் தொடங்கும்போது டிரெய்லர் வர மறுக்கும். நிற்கும்போது நிற்க மறுக்கும். பள்ளியில் நீங்கள் 'இனெர்சியா' என்று படிப்பதுதான் இது. தமிழில் நிலைமம். பொருண்மை கூடினால் நிலைமமும் கூடும்.

இப்போது இறக்கத்துக்கு வாருங்கள். 5 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்குகிற சரிவு. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இது ஒன்றும் அபூர்வமான சரிவு அல்ல. அந்தச் சரிவில் டிரெய்லரைக் கீழே இழுக்கும் விசை எவ்வளவு? 3500 × 9.8 × 1/5. ஏறக்குறைய 6860 நியூட்டன். புரியும்படி சொன்னால், 70 கிலோகிராம் எடையுள்ள 10 பேரின் மொத்த எடை. இந்த விசை முழுவதும் டிராக்டரின் முதுகில், இணைப்புக் கொக்கி வழியாக வந்து விழுகிறது. டிரெய்லருக்கென்று தனி பிரேக் இல்லை என்றால் இந்தத் தள்ளலையும் சேர்த்து டிராக்டரே தாங்க வேண்டும்.

காய்ந்த மண்ணில் டயர் பிடித்துக்கொள்ளும். மழை பெய்த களிமண்ணில் டயருக்கும் தரைக்கும் இடையே உராய்வு குறைந்துவிடும். அந்த நேரத்தில் ஓட்டுநர் பயந்து பிரேக்கை ஓங்கி மிதித்தால் டிராக்டரின் சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்ளும், சறுக்கும். டிரெய்லரோ தன் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். கொக்கி இருக்கும் இடத்தில் இரண்டும் மடிப்புக் கத்தி மூடுவது போல மடியும். லோரி ஓட்டுநர்கள் எல்லாரும் அஞ்சுகிற விபத்து இது.

இந்த மடிப்புக்கு நடுவே ஓர் ஆள் இருந்தால்? டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே உள்ள இரும்புத் தண்டில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டு போவது தோட்டங்களில் ஒரு காலத்தில் சாதாரணம். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் அப்படி நின்று போய், ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் வீடு திரும்பியவர். 'வண்டி மெதுவாகத்தான் போச்சு' என்பார். மெதுவாகத்தான் போயிருக்கும். 6860 நியூட்டனுக்கு வேகம் தேவையில்லை.

இன்னொரு விவரம். டிராக்டரில் இரண்டு பிரேக் மிதிகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. வயலிலும் வரிசைக்குள்ளும் சட்டென்று திரும்ப இது உதவும். ஆனால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு பாதையில் போகும்போது இரண்டு மிதிகளையும் ஒரு தாழ்ப்பாளால் இணைத்துவிட வேண்டும். மறந்துவிட்டு ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்பும். மேலே சொன்ன மடிப்பை ஓட்டுநரே தொடங்கிவைத்தது போல ஆகும்.

ஏறும் கியரில் இறங்கு

'அப்படியானால் எப்படித்தான் இறங்குவது, டீச்சர்?' என்று படிவம் நான்கு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். அவன் அப்பா லோரி ஓட்டுநர். விடை அவன் வீட்டிலேயே இருந்தது. பழைய ஓட்டுநர்கள் சொல்லும் விதி இது: எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவாயோ அதே கியரில் இறங்கு.

காரணம் இது. வாகனம் கீழே இறங்கும்போது அதன் நிலை ஆற்றல் குறைகிறது. குறைந்த ஆற்றல் எங்கேயாவது போக வேண்டும். வேகமாக மாறினால் ஆபத்து. பிரேக்குக்குப் போனால் வெப்பமாக மாறும். சின்ன கியரில் இருந்தால் சக்கரங்கள் இயந்திரத்தை வேகமாகச் சுழற்ற வேண்டியிருக்கும். இயந்திரத்தின் உள்ளே உராய்வு இருக்கிறது, காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளும் வேலை இருக்கிறது. ஆற்றலின் ஒரு பகுதியை அவை விழுங்கிக்கொள்ளும். இயந்திரமே பிரேக் ஆகிவிடுகிறது.

கியரை நியூட்ரலில் போட்டு இறக்கத்தில் 'சும்மா' உருள விட்டால் டீசல் மிச்சம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது மிகவும் முட்டாள்தனமான சிக்கனம். சக்கரத்துக்கும் இயந்திரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. பழைய டிராக்டர்களில் வேகம் எடுத்த பிறகு திரும்பக் கியரில் போடவும் முடியாது. பற்கள் உராய்ந்து சத்தம் போடும், உள்ளே நுழையாது.

எவ்வளவு வெப்பம் என்பதையும் பார்த்துவிடுவோம். நம் டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 6000 கிலோகிராம். 50 மீட்டர் உயரமுள்ள குன்றிலிருந்து இறங்குகிறது. 6000 × 9.8 × 50. ஏறத்தாழ 29 லட்சம் ஜூல். 30 டிகிரி வெப்பத்தில் உள்ள 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். ஒரு சின்னக் குன்றுக்கே இந்தக் கதை.

அமெரிக்கத் தம்பதியின் கணக்கு இன்னும் பெரியது. கலிபோர்னியாவில் மரணப் பள்ளத்தாக்கு என்ற பாலைவனம் இருக்கிறது. அதன் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. மேற்கிலிருந்து அங்கே போகும் சாலை, டவுன் கணவாய் என்ற இடத்தில் சுமார் 1500 மீட்டர் உயரம் ஏறி, பிறகு ஏறக்குறைய கடல் மட்டம் வரை ஒரே இறக்கமாக இறங்குகிறது. காரும் டிரெய்லரும் சேர்ந்து 5000 கிலோகிராம் என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் 7 கோடியே 35 லட்சம் ஜூல். 250 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! ஒரு பகுதியைக் காற்றின் தடை எடுத்துக்கொள்ளும். மீதியைப் பிரேக்கின் தலையில் மட்டும் கட்டினால் அது சிவக்கச் சூடேறும். பிரேக் கட்டையின் உராய்வு குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். அதன்பின் மிதியை அழுத்தினால் கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அமெரிக்க மலைச்சாலைகள் சிலவற்றில், பிரேக் போன லோரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளைக் கற்களைக் கொட்டிய கிளைப்பாதைகள் இருக்கின்றன. சரளையில் சக்கரம் புதைந்து, கற்களைத் தள்ளித் தள்ளி ஆற்றலை இழந்து வண்டி நிற்கும்.

பிரேக்குக்கும் இறக்கத்துக்கும் இடையிலான போராட்டம் கார் பிறந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் செய்த காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். மேடுகளில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அந்தக் கட்டைகளில் தோலை ஆணியடித்துப் பொருத்தச் செய்தாராம். இன்றைய பிரேக் பட்டைகளுக்கு அதுதான் பாட்டி.

பாலைவனத்தில் ஏற்றமும் சிரமம்

நம் நாட்டில் ஏறுவதற்குச் சின்ன கியர் போதும். பாலைவனத்தில் ஏறும்போது இயந்திரத்தின் சூடு பெரிய பிரச்சினை. மலேசியாவில் பதிவான மிக அதிக வெப்பம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9, பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில். மரணப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவானது 56.7 டிகிரி.

ரேடியேட்டர் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துத்தான் குளிர்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரி, வெளிக்காற்று 32 டிகிரி என்றால் வித்தியாசம் 68. வெளியே 50 என்றால் வித்தியாசம் வெறும் 50. வித்தியாசம் குறைந்தால் வெப்பம் வெளியேறும் வேகமும் குறையும். அதே நேரத்தில் டிரெய்லரை மேலே இழுக்க இயந்திரம் கூடுதலாக எரிபொருளை எரிக்கிறது. அதனால்தான் அங்குள்ள நீண்ட ஏற்றங்களில் 'குளிர்சாதனத்தை அணையுங்கள்' என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: அந்தக் கொளுத்தும் வெயிலில் காருக்குள் சூடேற்றியைப் போடுவார்கள்! கிறுக்குத்தனம் அல்ல. சூடேற்றி என்பது இயந்திரத்தின் சூட்டைக் காருக்குள் இறக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், இயந்திரம் பிழைக்கும்.

நம் மாநிலத்திலும் 'வறண்ட' இடம் உண்டு. ஜெலுபு வட்டாரம் நாட்டில் குறைவாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. சுற்றிலும் உள்ள மலைகள் இருபுறத்துப் பருவக்காற்றின் ஈரத்தையும் முன்பே பிழிந்துவிடுகின்றன. வறண்ட இடம் என்றதும் ஏமாந்துவிடாதீர்கள். அங்கே ஆண்டுக்கு 1600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மரணப் பள்ளத்தாக்கில் சுமார் 60 மில்லிமீட்டர்தான்! சிரம்பானிலிருந்து ஜெலுபு போகும் பழைய வழி புக்கிட் தங்கா. மலாயில் தங்கா என்றால் படி அல்லது ஏணி. அந்த வளைவுகளில் ஒருமுறை போனால் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. கனமான லோரி எதிரே வந்தால் கவனியுங்கள்: இறங்கும் லோரியின் இயந்திரம் உறுமும், ஆனால் வேகம் கூடாது. ஓட்டுநருக்குப் பாடம் தெரியும் என்று அர்த்தம்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது கைவந்த கலை. இரண்டு சக்கர வண்டியில் சுமையை அச்சுக்கு முன்னே அதிகம் வைத்தால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே வைத்தால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். நல்ல வண்டிக்காரர் சற்றே முன்பாரமாக ஏற்றுவார். மாட்டுக்கும் சுமை தெரியாது, வண்டியும் குடை சாயாது.

அமெரிக்காவில் டிரெய்லர் வீட்டை இழுப்பவர்களுக்குச் சொல்லப்படும் விதியும் இதுவே. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். அதைவிடக் கூடினால் காரின் பின்பக்கம் அமிழ்ந்து, முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. குறைந்தால் அதைவிட மோசம். டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

ஏன் வாலாட்டம்? பூப்பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான தக்கை முன்னே, காற்றில் தடைபடும் இறகுகள் பின்னே. இறகு முன்னே இருக்கும்படி அடித்தாலும் அது தானாகவே திரும்பித் தக்கையை முன்னே கொண்டுவந்துவிடும். டிரெய்லரில் இறகின் வேலையைச் செய்வது தரையைப் பிடிக்கும் டயர்கள். சுமையின் ஈர்ப்பு மையம் டயர்களுக்கு முன்னே இருந்தால், லேசாக விலகினாலும் டயர்கள் அதை நேராக்கும். ஈர்ப்பு மையம் பின்னே போய்விட்டால் ஒவ்வொரு விலகலும் அடுத்த விலகலைப் பெரிதாக்கும். பாலைவனத்தின் பக்கவாட்டுக் காற்றோ, முந்திச் செல்லும் பெரிய லோரி கிளப்பும் காற்றோ போதும், ஆட்டம் தொடங்கிவிடும். தோட்ட டிராக்டர் போகிற வேகத்தில் இந்த ஆட்டம் அரிது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் காருக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் போடலாம். டிரெய்லர் பின்னுக்கு இழுத்து, வரிசையைத் தானே நேராக்கும்.

தோட்டத்தில் பின்பாரத்துக்கு வேறொரு விலை உண்டு. கொக்கியை அழுத்த வேண்டிய சுமை அதைத் தூக்குகிறது. டிராக்டரின் பின்சக்கரங்கள் லேசாகின்றன. லேசான சக்கரத்துக்கு உராய்வு குறைவு. ஏற்றத்தில் சக்கரம் வெறுமனே சுழன்று சேற்றைத் தோண்டும்.

அப்போது சிலர் ஒரு குறுக்குவழி செய்வார்கள். சங்கிலியை டிராக்டரின் உயரமான பகுதியில் கட்டி இழுப்பார்கள். இதைவிட ஆபத்தானது வேறில்லை. பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தை அச்சாணியாக நினைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி பின்னோக்கி இழுக்கிறது. கட்டிய இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அந்த அளவு நீளமான நெம்புகோல் டிராக்டரைப் பின்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது. உயரம் இரண்டு மடங்கானால் கவிழ்க்கும் திறனும் இரண்டு மடங்கு. முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியதும், ஓட்டுநர் கிளட்ச்சை மிதிப்பதற்குள் டிராக்டர் அவர்மேலேயே விழுந்துவிடும். உற்பத்தியாளர்கள் கொக்கியைத் தாழ்வான இடத்தில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு பொம்மை லோரி, ஒரு சின்ன அட்டைப்பெட்டி, இரண்டு பாட்டில் மூடிகள், ஒரு சாத்தே குச்சி, உறிஞ்சுகுழல் துண்டு, ஐஸ்கிரீம் குச்சி, ஆறு 20 சென் காசுகள். பெட்டியின் அடியில் நடுவே உறிஞ்சுகுழலை ஒட்டி, அதற்குள் சாத்தே குச்சியை விட்டு, இரு முனையிலும் மூடிகளைச் செருகினால் டிரெய்லர் தயார். ஐஸ்கிரீம் குச்சியைப் பெட்டியின் முன்னே ஒட்டி, மறுமுனையை லோரியின் பின்பக்கத்தில் ஓர் ஊசியால் பொருத்துங்கள். பக்கவாட்டில் தாராளமாகத் திரும்ப வேண்டும். ஆனால் மேலே கழன்று வரக் கூடாது.

ஒரு மீட்டர் பலகையைச் சாய்த்து வைத்து, முதலில் காசுகளை அச்சுக்கு முன்னே ஒட்டி உருள விடுங்கள். போகும் வழியில் டிரெய்லரின் பின்மூலையை விரலால் லேசாகத் தட்டுங்கள். பிறகு காசுகளை அச்சுக்குப் பின்னே மாற்றி அதே மாதிரி தட்டுங்கள். பலகையை இன்னும் செங்குத்தாக்கி மறுபடி செய்யுங்கள். கடைசியாக, லோரியின் பின்சக்கரங்களைப் பசைநாடாவால் சுழலாதபடி ஒட்டிவிட்டு, பலகையில் நீர் தெளித்து விடுங்கள். ஒவ்வொன்றையும் பத்து முறை செய்து, டிரெய்லர் எத்தனை முறை நேராக வந்தது, எத்தனை முறை மடிந்தது, எந்தப் பக்கம் மடிந்தது என்று அட்டவணை போடுங்கள். பலகையின் ஓரத்தில் தங்கையையோ தம்பியையோ உட்கார வைத்தால் எண்ணுவதற்கு ஓர் ஆள் கிடைக்கும். காசுகள் எந்தத் திசையில் தெறிக்கின்றன என்பதையும் அவரையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.